பண்ணைப் பாலத்தில் 77 நாள்

77 நாள் நின்றது! சுட்டுவிரல் நுனியில் தொட்டெடுத்த மெழுகு, பண்ணைக் கடலின் உப்புக்காற்றிலும் மாரி மழையிலும் 1,530 மைல் ஓடிய ஒரு காரின் பொனற்றில் 77 நாள் நின்றது. யாரோ சொல்லக் கேட்டு நான் இதை எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையும் அம்மாவின் மூக்குப்பேணியால் தண்ணீர் வார்த்து, துளி எப்படி நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று பார்த்து, சி.ஆர். கொப்பியில் எழுதிவந்த கணக்கு இது. மைல் என்று எழுதியதும் பிழையில்லை. எங்கள் காரின் மீற்றர் மைலில்தான் ஓடும்; கிலோமீற்றரில் சொன்னால் 2,460 அளவில் வரும்.

கார் அப்பாவுடையது. மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், நாலு கதவு, கடும்பச்சை. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் காட்டிய கார் இது. பிரித்தானியக் கார்களில் முதலில் பத்து லட்சத்தைத் தொட்டதும் இதுதான். அந்தப் பத்து லட்சத்தில் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தவை லேசில் சாகவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது இவை மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் விடுவார்கள். அந்தப் புகை டிக்கி மூடி முழுக்கக் கரியாகப் படியும். சவர்க்காரமே அகப்படாத நாளில் அப்பா பழைய சாரத்துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். எண்ணெய் பட்ட இடம் ஒரு பின்னேரம் மினுங்கும். அடுத்த நாள் தோட்டப்பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி எல்லாம் அந்த இடத்தில்தான் வந்து ஒட்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது இந்தக் காரும் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சனத்துக்குள் எஞ்சினைப் போட்டு ஓட்ட இடமில்லை. அப்பாவும் மாமாவும் தள்ளினார்கள், அம்மம்மா உள்ளே இருந்தா. அன்றைய மழையில் நனைந்த அதே பெயின்ற்தான் இன்றைக்கும் இந்தக் காரில் இருக்கிறது. இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒரு டப்பா மெழுகைப் பற்றி இப்படி எழுதுகிறேன் என்று?

அப்பா போன பிறகு கார் மூன்று வருடம் கொட்டிலுக்குள் நின்றது. நான் வெளியில் எடுத்தபோது பொனற் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் விரல் பச்சையானது. இன்றைய கார்களுக்கு நிறத்தின் மேல் கண்ணாடி போல ஒரு தெளிந்த பூச்சு இருக்கும். வெயிலும் மழையும் முதலில் அதோடுதான் மோத வேண்டும். பழைய கார்களுக்கு அது கிடையாது. நிறமே வெளித்தோல். வெயில் நேரடியாக அந்த நிறத்தைத்தான் தின்னும். தின்னத் தின்ன மேற்பரப்பு பொடியாகி உதிரும்.

மானிப்பாய்ப் பக்கத்தில் நாற்பது வருடமாக ரிங்கர் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, உரிச்சுப்போட்டுப் புதுசா அடிச்சா நல்லா வரும்.”

“வேண்டாம் ஐயா. இது அப்பா தெரிஞ்செடுத்த பச்சை.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “அப்ப கட் அன்ட் பொலிஷ் பண்ணி வாக்ஸ் போட்டுப் பாருங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன். நீங்கள் தீவுப்பக்கம் ஓடுற ஆள். அந்த உப்புக்காத்துக்கு ஒரு மாசம் நிண்டாப் பெரிய காரியம்.”

ஒரு மாதம்! அந்தச் சொல் எனக்குள் ஏறிக் குந்திவிட்டது. நிற்குமா நிற்காதா என்று நானே பார்ப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மெழுகு கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வந்தது. அங்கே இருக்கும் அண்ணா விடுமுறைக்கு வந்தபோது சொக்லேற், சம்போ, வேட்டிக்கரை மாதிரி மடித்த மென்துணிகள் என்று பெட்டியில் இருந்ததோடு ஒரு சின்னத் தகர டப்பாவும் இருந்தது. மூடியைத் திறந்தால் வெளிறிய மஞ்சளில் பசை. டப்பாவில் கார்னாபா என்று எழுதியிருந்தது. அது என்ன என்று தேடிப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அது ஒரு பனை!

பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற வறண்ட மாநிலங்களில் நிற்கும் பனை. விசிறி ஓலை, நிமிர்ந்த உடல். தாவரவியலார் அதையும் நம்முடைய பனையையும் ஒரே துணைக்குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். கோடையில் வறட்டுக்காற்று வீசும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலையில் தானே மெழுகு பூசிக்கொள்ளும். அங்கத்தைய ஆட்கள் ஓலையை வெட்டி, வெயிலில் காயவிட்டு, அடித்து உதிர்த்து, அந்தத் தூளை உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். குருத்தோலையில் இருந்து வருவது மஞ்சள், அதுதான் முதல் தரம். நாம் பனையைக் கற்பகதரு என்கிறோம். அவர்களோ அந்த மரத்தை வாழ்வின் மரம் என்கிறார்கள். ஓலை, மரம், பழம் எல்லாம் பயன்படுவதால் வந்த பெயர். உலகத்தின் இரண்டு வறண்ட மூலைகளில் இருக்கும் இரண்டு சனங்களுக்கு ஒரே எண்ணம் வந்திருக்கிறது!

அமெரிக்காவில் தரைமெழுகு செய்து பெரிதான ஜோன்சன் கொம்பனியின் தலைவர் எச்.எஃப். ஜோன்சன், 1935இல் தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய ஒரு சிகோர்ஸ்கி விமானத்தில் இந்தப் பனையைத் தேடி பிரேசில் வரைக்கும் பறந்தார். விமானத்துக்கு வைத்த பெயரே கார்னாபாதான். 1998இல் அவருடைய மகன் அதே மாதிரி ஒரு விமானம் செய்வித்து அதே பயணத்தை மீண்டும் போனார். ஒரு மரத்தின் மெழுகுக்காக அப்பனும் மகனும் கண்டத்தைக் கடந்தார்கள். நான் பண்ணைப் பாலத்தைக் கடப்பது ஒன்றும் பெரிதில்லை.

இதன் வலிமை எங்கே இருக்கிறது என்றால் வெப்பத்தில். தேன்மெழுகு 62, 64 பாகை செல்சியசில் உருகிவிடும். கார்னாபா உருக 82 முதல் 86 வரை வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் நின்ற காரின் பொனற்றில் கை வைத்துப் பார்த்தவருக்கு இந்த இருபது பாகை வித்தியாசத்தின் அருமை தெரியும். நாம் விழுங்கும் குளிசையின் வழுவழுப்பிலும், சில இனிப்புகளின் மினுக்கத்திலும் இதே மெழுகு இருக்கிறது. உணவுச் சேர்க்கைப் பட்டியலில் ஈ903 என்று பார்த்தால் அது இதுதான். தனிக் கார்னாபா செங்கல் மாதிரிக் கடினம். அதை எண்ணெயோடும் கரைப்பானோடும் கலந்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள்.

2024 செப்ரெம்பர் 29, ஞாயிறு. காலை ஆறு மணி, வேப்பமரத்து நிழல். அதற்கு முதல் இரண்டு நாள் கட்டிங் பேஸ்ற்றால் பொனற்றைத் தேய்த்துச் சுண்ணாம்பை எடுத்திருந்தேன். துணி முழுக்கப் பச்சை. கை கடுத்தது. அடியில் இருந்து அப்பாவின் பச்சை எழும்பி வந்தபோது அம்மா படியில் வந்து குந்திக்கொண்டு பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை.

பொனற்றின் நடுவால் நெடுக்க ஒட்டுத்தாள் ஒட்டினேன். வலப்பாதிக்கு மெழுகு. இடப்பாதிக்கு ஒன்றும் இல்லை. கூரைக்கும் கதவுகளுக்கும் முழுக்க மெழுகு. இடப்பாதியை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் பூசாத இடம் ஒன்று இல்லாவிட்டால் பூசிய இடம் என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? டப்பாவில் எழுதியிருப்பதை நம்பலாம், அல்லது ஒட்டுத்தாள் ஒட்டலாம்.

பூசும் விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. நிறையப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்று நினைப்பது பிழை. பெயின்ற்றோடு ஒட்டி நிற்பது ஒரு மெல்லிய படை மட்டும்தான். மிச்சமெல்லாம் துடைக்கும்போது துணியோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக, ஒருமுறை நெடுக்க, ஒருமுறை குறுக்கத் தேய்க்க வேண்டும். பனிமூட்டம் மாதிரி வெளிறும் வரை பொறுக்க வேண்டும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், கோடு இழுபடாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். வெயிலில் நிற்கும் சூடான தகட்டில் பூசவே கூடாது, பசை அப்படியே காய்ந்து பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் காலை இன்னொரு மெல்லிய படை. அவ்வளவுதான்.

அந்த மினுக்கத்தை எப்படிச் சொல்வது! புதுக் காரின் மினுக்கம் கண்ணாடி மினுக்கம், வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். இது வேறு. பச்சைக்குள் வெளிச்சம் இறங்கி, உள்ளே கொஞ்ச நேரம் நின்று திரும்பி வருகிற மாதிரி. மழை பெய்து விட்ட உடனே மா இலை இருக்குமே, அந்த நிறம். வேப்பங்கொப்பு ஒவ்வொன்றும் கூரையில் தெரிந்தது. நான் வேலைக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

என் அன்றாட ஓட்டம் மானிப்பாயில் இருந்து ஊர்காவற்றுறைக்கு, போய்வர ஐம்பது கிலோமீற்றர் வரும். ஆனைக்கோட்டையால் யாழ்ப்பாணம் வந்து, கோட்டையைத் தாண்டி, பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். காற்று கிளம்பிய நாளில் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பாலம் முடிந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான் வந்தால் காற்றோடு வெண்மணல். பிறகு வேலணை, சரவணை. சில பின்னேரங்களில் கல்லுண்டாய் வெளியால் சுற்றி வருவேன். அங்கேயும் உவர் நிலம். வீட்டுக்குக் கிட்ட வந்தால் தோட்டத்தில் இருந்து ஏறும் லான்ட்மாஸ்ரர்களின் ரயரில் இருந்து உதிரும் செம்பாட்டு மண். உப்பு, மணல், செம்மண், வெயில், மழை. ஒரு மெழுகைச் சோதிக்க இதைவிடக் கடுமையான ஆய்வுகூடத்தை எந்தக் கொம்பனி கட்டும்?

முதல் இரண்டு கிழமை கொப்பியில் எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. வலப்பக்கத் துளி கௌபி மணி மாதிரி உருண்டு நின்றது. இடப்பக்கத்தில் தண்ணீர் விரித்த பாய் மாதிரிப் படிந்து கிடந்தது. மூன்றாம் கிழமைதான் மாரி தொடங்கியது. ஒரு காலை, பண்ணையில் ஏறும்போது கொட்டத் தொடங்கியது. மொறிஸ் மைனரின் பொனற் உருண்டு எழும்பியது, ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே நிற்கும். வேகம் கூடக்கூட வலப்பாதியில் இருந்த துளிகள் எல்லாம் உயிர் வந்தது போல எழும்பி, கண்ணாடியை நோக்கி ஓடின. நூற்றுக்கணக்கில்! ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கொழுத்து, விளிம்பால் பாய்ந்தன. இடப்பாதி சும்மா நனைந்து கிடந்தது. பாலத்தின் நடுவில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத விந்தையை நாம் எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறோம். அது எப்படி என்று நுணுக்குக்காட்டியால் பார்த்து 1997இல் விளக்கி எழுதியவர்கள் ஜெர்மனியின் பார்த்லொட், நைன்ஹுயிஸ் என்ற இருவர். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், மேடுகளின் மேல் மெழுகுத் துகள்கள். துளிக்கு உட்காரவே இடமில்லை. கார் மெழுகில் அந்த மேடுகள் இல்லை, அதனால் தாமரை அளவுக்கு உருளாது. ஆனாலும் மெழுகு தண்ணீரை வெறுக்கிறது, தண்ணீர் தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

இனி எங்கள் கிணற்றைப் பற்றி. இதை ஒரு டப்பாவிலும் எழுதியிருக்க மாட்டார்கள். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். மெழுகு பூசிய காரைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் நின்ற இடத்திலேயே காய்ந்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு வெள்ளை வளையம் விட்டுவிட்டுப் போகும். துளி எவ்வளவு அழகாக உருண்டதோ அவ்வளவு தெளிவாக வளையம் விழும். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் வளையம் போகும்தான், ஆனால் மெழுகும் நலியும். நான் கண்ட வழி பீலித் தண்ணீர். கூரைப் பீலிக்குக் கீழே ஒரு பரல் வைத்தேன். கடைசிக் கழுவல் மழைத்தண்ணீரில், உடனேயே துணியால் ஒற்றல். வளையம் இல்லை. மாரியில் மட்டுமல்ல, பரலை மூடி வைத்தால் தை, மாசி வரைக்கும் அது போதும்.

ஐந்தாம் கிழமை காகம் வந்தது. அலுவலக வளவில் ஒரு பழைய மரம், நிழலுக்காக அதன் கீழே விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை பொனற்றின் இரண்டு பாதியிலும் எச்சம், அதிலும் நாவல்பழம் தின்ற மாதிரி ஊதா நிறம். அன்று மதியம் நல்ல வெயில். பின்னேரம்தான் கண்டேன். நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு எடுத்தேன். வலப்பக்கம் ஒரு அடையாளமும் இல்லை. இடப்பக்கம் எச்சம் போய்விட்டது, ஆனால் அதன் வடிவம் பெயின்ற்றில் மங்கலாகப் பதிந்து நின்றது. எச்சத்தின் அமிலம் வெயிலில் இளகிய பெயின்ற்றுக்குள் இறங்கிவிட்டது. வலப்பக்கம் அந்த அடியை வாங்கியது மெழுகு. தான் அழிந்து கீழே இருப்பதைக் காப்பதுதான் அதன் வேலையே. அந்த மங்கல் இன்றைக்கும் இருக்கிறது.

ஏழாம் கிழமை நெஞ்சு இடிந்தது. சேறு அடைந்துபோனதால் நகரத்தில் ஒரு சேர்விஸ் நிலையத்தில் பொடி வோஷுக்கு விட்டேன். நான் வெளியில் ரீ குடித்துவிட்டு வருவதற்குள் அங்கே நின்ற தம்பி சவர்க்காரத்தூளைக் கரைத்துக் கார் முழுக்கத் தேய்த்துவிட்டான். ஞாயிறு பேணியால் வார்த்தேன். துளியே இல்லை! இரண்டு பாதியும் ஒரே மாதிரி நனைந்து கிடந்தன. கொப்பியில் “முடிந்தது, 49 நாள்” என்று எழுதிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

அன்று இரவு முழுக்க மழை. திங்கள் விடிய எழும்பி வந்து பார்த்தால் வலப்பாதியில் துளிகள், வரிசையாக, உருண்டையாக! நான் படித்துக்கொண்ட பெரிய பாடம் இது. சவர்க்காரத்தின் எச்சம் மெழுகுக்கு மேலே ஒரு படையாகப் படிந்து தண்ணீரை விரியச் செய்திருக்கிறது. மழை அந்த எச்சத்தைக் கழுவியதும் கீழே இருந்த மெழுகு தலை காட்டியது. புழுதியும் இதே வேலையைச் செய்யும். ஆகவே துளி நிற்கவில்லை என்ற உடனே மெழுகு செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல தண்ணீரால் அலசிவிட்டுத் திரும்பப் பாருங்கள். இப்படித் தெரியாமல் எத்தனை நல்ல மெழுகுகளை நாம் வீணாகத் திட்டியிருப்போம்! ஆனால் தூள் தன் பங்கைத் தின்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு துளி கௌபி மணியாக நிற்கவில்லை, தட்டையான துவரம்பருப்பாகத்தான் நின்றது.

எட்டாம் கிழமை ரிங்கர் ஐயாவின் கராச்சுக்கு முன்னால் நிறுத்தினேன். பெனியனில் கையைத் துடைத்துவிட்டு வந்து வலப்பாதியைத் தடவினார்.

“இது நேத்துப் போட்டதோ, பிள்ளை?”

“செப்ரெம்பர் ஐயா.”

திரும்பவும் தடவினார். பிறகு இடப்பாதியைத் தடவி, பச்சையான விரலைப் பார்த்தார். “என்ர வானுக்கும் இதிலை கொஞ்சம் தாருங்கோவன்” என்றார்.

நவம்பர் கடைசிக் கிழமையில் பெங்கல் புயலாக மாறிய அந்தத் தாழமுக்கம் வந்தது. யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர், வேலைக்குப் போக வழியில்லை. காரை முற்றத்தின் மேட்டில் கல் வைத்து ஏற்றிவிட்டு, நாள்கணக்கில் மழைக்குள் விட்டேன். மழை ஓய்ந்த பிறகு பார்த்தால் மெழுகுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மழை மெழுகைக் கரைக்காது. அதைக் கொல்வது வெயிலும், கடும் சவர்க்காரமும், புழுதியோடு உலர்ந்த துணியால் தேய்ப்பதும். மாரியில் மெழுகு பூசி என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்: மாரிக்கு முதல்தான் பூச வேண்டும்.

டிசம்பர் 15, பதினோராம் கிழமை ஞாயிறு, பீலித் தண்ணீரால் இரண்டு தரம் அலசிவிட்டு வார்த்தபோது வலப்பாதியிலும் தண்ணீர் விரிந்தது. சந்தேகமில்லை, முடிந்தது. 77 நாள். கூரை அதே நாள்களில் போனது. கதவுகளில் தை மாதம் வரைக்கும் துளி நின்றது. நிமிர்ந்து நிற்கும் தகட்டில் வெயிலும் நேரே விழாது, தண்ணீரும் தங்காது. ஆனால் முன் ரயருக்குப் பின்னால், கதவுக்குக் கீழே இருக்கும் தகடுகளில் மூன்று கிழமைதான். மணலும் கல்லும் ரயரில் இருந்து பறந்து அடிக்கும் இடம் அது. அங்கே மெழுகை நம்பாதீர்கள். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அந்தக் கீழ்த்தகடு துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பு போய்விடும். அதற்கு உள்ளுக்குள் எண்ணெய் அடிக்க வேண்டும். நான் அடிக்கிறேன்.

அண்ணாவும் அங்கே தன் காருக்கு அதே மெழுகைப் பூசியிருந்தார். பனிக்காலத்தில் ரொறன்ரோ வீதிகளுக்கு உப்புப் போடுகிறார்கள். இங்கே காற்று கொண்டுவருவதை அங்கே லொறி கொண்டுவருகிறது. இரண்டு உப்புக்கும் நடுவில் ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் துளிப் படம் பரிமாறினோம். அவருடையது ஏழு கிழமையில் முடிந்தது, இயந்திரக் கழுவலில் விட்டதுதான் காரணம் என்பது என் எண்ணம். நாங்கள் இருவரும் இவ்வளவு அடிக்கடி கதைத்தது இருபது வருடத்தில் அதுதான் முதல்.

2025 தையில் செயற்கைப் பொலிமர்த் திரவம் ஒன்றையும் இதே மாதிரிச் சோதித்தேன். நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது 19 கிழமை நின்றது. நாள் கணக்கில் அதற்குத்தான் வெற்றி. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. கையில் இருப்பதைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கும் வெள்ளை வாகன்ஆர், அக்வா வைத்திருப்பவர்கள் தயங்காமல் பொலிமர் போடுங்கள், வருடத்துக்கு மூன்று முறை போதும். ஆனால் பழைய சோமசெட், கேம்பிறிஜ், ஒக்ஸ்போட், மைனர் வைத்திருப்பவர்களே, தெளிந்த பூச்சில்லாத பெயின்ற்றுக்குக் கார்னாபாதான். அந்த ஆழம் பொலிமரில் வரவில்லை. என் பச்சை அதில் பிளாஸ்ரிக் மாதிரி இருந்தது. நான் திரும்பவும் டப்பாவுக்கே வந்துவிட்டேன், இப்போது மூன்றாவது டப்பா ஓடுகிறது.

இடப்பாதிக்கும் மெழுகு போட்டாயிற்று, கவலைப்பட வேண்டாம்.

இந்த முறை மாரிக்கு முதல் நீங்களும் செய்து பாருங்கள். புரட்டாதியில் ஒரு ஞாயிறு போதும். ஒரு டப்பா மெழுகு, இரண்டு மென்துணி, ஒரு ஒட்டுத்தாள், ஒரு பேணி. பொனற்றில் பாதிக்கு மட்டும் பூசுங்கள், கடைசிக் கழுவலை மழைத்தண்ணீரில் செய்யுங்கள், சவர்க்காரத்தூளைக் கிட்ட விடாதீர்கள். பூசிய திகதியை மறக்காமல் கொப்பியில் எழுதி வையுங்கள்.